திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது: மனத்தை எப்படி ஆயத்தப்படுத்துகிறீர்கள்?

பாசையூர்க்காரி கேட்கிறார்:

முதலாம் ஞாயிறு பூசைக்குப் போய் வந்ததிலிருந்து இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இருக்கிறேன்.

டித்வா புயல் கரையேறியது 2025 நவம்பர் 28ஆம் திகதி. 30ஆம் திகதி, கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதலாம் ஞாயிறு. ஒழுங்கையில் நின்ற தண்ணீரில் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கோவிலுக்குப் போனோம். அன்றைய நற்செய்தி மத்தேயு 24ஆம் அதிகாரம். நோவாவின் காலத்தில் மக்கள் உண்டும் குடித்தும் பெண் கொண்டும் கொடுத்தும் இருந்தார்கள், வெள்ளம் வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போகும்வரை அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வருகிற பகுதி. புயலுக்காகத் தேடி எடுத்த வாசகம் அல்ல அது. மூன்று வருடங்களுக்கு ஒருமுறை இந்த ஞாயிறுக்கு அதுதான் வரும். முன்பும் கேட்டிருப்பேன். இந்த முறை, மலையகத்தில் மண்சரிவுக்குள் போன வீடுகளின் படங்களை இரவு முழுவதும் பார்த்துவிட்டு வந்து கேட்டேன். "விழிப்பாயிருங்கள்" என்ற இடம் வந்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் வழக்கமான டிசம்பர் வாசலில் நிற்கிறது. மூத்தவளின் பள்ளிக்கூடத்தில் நத்தார் ஒளி விழா, மறைப்பள்ளியில் ஒளி விழா, என் அலுவலகத்தில் ஒளி விழா. பாடகர் குழுவுக்கு வாரத்தில் மூன்று மாலை ஒத்திகை. கேக்குக்கு முந்திரிகை வற்றலும் பூசணி அல்வாவும் வெட்டி ஊறப்போட்டாயிற்று. கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வருகிறது; அதற்கு முன் முன்னறைக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும். புயல் அறிவித்தல் வந்த நாளிலிருந்து கணவரின் படகு கரையில்தான் கிடக்கிறது. வாடைக் காலத்தில் எப்போதும் கை இறுகும். இந்த வருடம் காப்பு அடகுக்குப் போகாமல் பிள்ளைகளுக்கு நத்தார் உடுப்பு எடுக்க முடியுமா என்று தெரியவில்லை.

இப்படியே 24ஆம் திகதி இரவு வந்துவிடும். "உன்னதங்களிலே" என்ற வானதூதர் கீதம் பாடும்போது மணிகள் ஒலிக்கும், பாலன் இயேசுவின் சுருபத்தை மூடியிருக்கும் துணியை எடுப்பார்கள், கோவில் முழுவதும் முகங்கள் மலரும். நான் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். வருடம் முழுவதும் காத்திருந்த இரவில் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. கல்லறையருகே நின்ற மக்தலா மரியாவைப் போல அழ வேண்டும் என்று கேட்கவில்லை. அங்கே நிற்கிறேன் என்பதாவது எனக்குத் தெரிய வேண்டும்.

மனத்தை ஆயத்தப்படுத்துங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நடைமுறையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணிநேரம் தியானியுங்கள் என்ற வகை ஆலோசனை வேண்டாம். நான்கு மணிக்கு எழுந்துதான் இருக்கிறேன், அடுப்படியில்.

வட்டுக்கோட்டையான் பதில்:

சகோதரி, நாங்கள் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். உங்கள் பூசை முறை எனக்குத் தெரியாது, ஆனால் வருகைக் காலம் இரு வீட்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் செய்வது ஒரே ஒரு காரியம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லா மின்விளக்குகளையும் அணைத்துவிட்டு, மேசையில் சவுக்குக் கொப்புகளால் கட்டிய வளையத்தில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு, இப்படி நான்கு. ஏற்றுவது வீட்டில் மிகச் சிறியவர். அன்றைய வேதபகுதியை ஒருவர் வாசிப்பார். பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேசுவதில்லை. அந்த இரண்டு நிமிடம்தான் முக்கியம். தொலைபேசிகள் அடுத்த அறையில் இருக்கும்.

இந்த வளையம் உருவான கதை எனக்குப் பிடிக்கும். 1839இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திய யோகான் விச்சேர்ன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கியது. நத்தார் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரிக்க, ஒரு வண்டிச் சக்கரத்தில் நாட்களுக்குச் சின்னத் திரிகளும் ஞாயிறுகளுக்குப் பெரிய திரிகளும் வைத்து, ஒவ்வொன்றாக ஏற்ற வைத்தாராம். வீடில்லாத பிள்ளைகளுக்காகச் செய்தது இன்று கடைகளில் பிளாஸ்ரிக்கில் விற்பனையாகிறது. பிளாஸ்ரிக்கில் வாங்காதீர்கள். சவுக்கு இல்லாவிட்டால் மாவிலை போதும், வேப்பிலை போதும்.

உங்களுக்கு நேரம் இல்லை என்கிறீர்கள். சாப்பிடும் நேரம் எப்படியும் இருக்கிறதே, அதற்கு முன் பத்து நிமிடம்தான் இது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் அம்மா பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடிக்கிறார். 21 நாட்கள் ஒருநேர உணவு; அதற்கிடையில் வயல் கூலிக்கும் போய் வருகிறார். அவரைப் பார்த்த பிறகு எனக்கு நேரமில்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.

சில்லாலை ரீச்சர் பதில்:

பிள்ளை, உன் கேள்வியை வாசித்துவிட்டு ஒரு நாள் விட்டுத்தான் எழுதுகிறேன். மறைப்பள்ளியில் நெடுங்காலம் படிப்பித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் கேக்கையும் பெயின்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. வருகிறவர்களுக்காக அடுப்பில் நிற்பது அன்பு. மரியாளும் எலிசபெத்து வீட்டில் மூன்று மாதம் செபமாலை உருட்டிக்கொண்டா இருந்திருப்பாள்? கர்ப்பிணியான வயோதிபப் பெண்ணின் வீடு; வேலை இருந்திருக்கும். உன் வீட்டில் மட்டுமல்ல, நம் ஊர் முழுவதிலும் தவறிப்போயிருப்பது வரிசை ஒழுங்கு. டிசம்பர் முதலாம் திகதியே நத்தாரைத் தொடங்கிவிடுகிறோம். 25 மதியம் இறைச்சிக் கறியோடு அதை முடித்தும் விடுகிறோம். திருச்சபையின் கணக்கு வேறு. 24 இரவுதான் நத்தார் தொடங்குகிறது. இந்த முறை ஜனவரி 11, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது நீளும். அதற்கு முன் உள்ள வாரங்கள் வேறொரு வேலைக்காகத் தரப்பட்டவை.

அந்த வேலையிலும் இரண்டு பகுதி உண்டு. டிசம்பர் 16 வரை வாசகங்கள் குடிலைப் பற்றிப் பேசவே மாட்டா. நோவாவின் வெள்ளம், திருடன் வரும் நேரம், மரத்தின் வேரருகே வைக்கப்பட்ட கோடரி என்று ஆண்டவரின் இறுதி வருகையைப் பற்றியே பேசும். 17ஆம் திகதியிலிருந்துதான் நாசரேத்தும் யோசேப்பும் பெத்லகேமும் வருகின்றன. முதலாம் ஞாயிறு உனக்கு நெஞ்சு அடைத்தது என்றாயே, அது சரியான அடைப்பு. அந்த ஞாயிறு உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. உள்ளே ஒன்றும் அசைவதில்லை என்று எழுதியவளின் முதல் பந்தியிலேயே அசைந்திருக்கிறது. அதை அப்படியே விடு, உடனே கரோல் பாட்டால் மூடிவிடாதே.

பாடகர் குழுவில் இருப்பதால் உனக்கு இது இன்னும் எளிதாக விளங்கும். இந்த வாரங்களில் ஞாயிறு பூசையில் "உன்னதங்களிலே" பாடுவதில்லை. அல்லேலூயா இருக்கிறது, ஆகவே இது ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் அல்ல. ஆனால் வானதூதரின் பாட்டை வாயிலிருந்து எடுத்து வைத்துவிடுகிறார்கள். 24 இரவு அது திரும்பி வரும்போது பசியோடு பாட வேண்டும் என்பதற்காகத்தான். நீங்களோ வாரத்தில் மூன்று மாலை அதைத்தான் ஒத்திகை பார்க்கிறீர்கள். பார்க்கத்தான் வேண்டும், பாட்டு பிசகக் கூடாது. ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள். ஒத்திகையைத் திருவருகைக் காலப் பாட்டு ஒன்றோடு, உட்கார்ந்து மெதுவாக, தொடங்குங்கள். பிறகு எழுந்து நின்று மற்றவற்றைப் பழகுங்கள். அந்த உட்கார்ந்த பாட்டு உங்கள் செபம், எழுந்து நிற்பது உங்கள் வேலை. இரண்டும் வேறு வேறு என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

இப்போது மனத்துக்கு வருகிறேன். வருகிற 14ஆம் திகதி, மூன்றாம் ஞாயிறு, பூசை வைக்கும் சுவாமி ரோசா நிற உடை போடுகிற ஞாயிறு. அன்றைய இரண்டாம் வாசகம் யாக்கோபு 5ஆம் அதிகாரம். பயிரிடுகிறவர் நிலத்தின் நற்பலனுக்காக முன்மாரியும் பின்மாரியும் பெய்யும்வரை பொறுமையோடு காத்திருக்கிறார் என்று வரும். அதை நம் வயற்காரர் வாசிப்பதுபோல் வேறு யார் வாசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. எங்கள் வயல்கள் வானம் பார்த்தவை. விதைத்தாயிற்று, முளைத்தாயிற்று, வெட்டுவதற்கு இன்னும் நாள் கிடக்கிறது. மழையை நாம் வரவழைக்க முடியாது. இந்த வருடம் போல அளவு மீறி வந்தாலும் நிறுத்த முடியாது. ஆனால் வயற்காரர் மார்கழியில் திண்ணையில் படுத்திருப்பதில்லை. வரம்பு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார், களை பிடுங்குவார்.

களை பிடுங்கியிருக்கிறாயா? நெல்லைப் போலவே ஒரு களை வரும். அதே பச்சை, அதே உயரம், நெல்லின் நிரையிலேயே நிற்கும். வரம்பில் நின்று பார்த்தால் பயிர் செழிப்பாக இருப்பதாகத்தான் படும். குனிந்து, இலை தண்டோடு சேருகிற கணுவை விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று இருக்கும். களைக்கு இராது, வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். எங்கள் அப்பு என் விரலைப் பிடித்து வைத்துத் தடவக் காட்டியது. ஆத்தும சோதனை என்று பழைய செபப் புத்தகங்கள் சொல்வது இந்தக் குனிதலைத்தான். வெளிப்படையான பாவங்கள் தூரத்திலிருந்தே தெரியும், அவற்றுக்குக் குனியத் தேவையில்லை. பக்தியைப் போலவே வளர்ந்து நிற்பவை வேறு. என் பிள்ளை ஒளி விழாவில் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்ற ஆசை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்களைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்ற தவிப்பு. உன் காப்பைப் பற்றி எழுதினாய். அது அடகுக்குப் போவது பிள்ளைகளின் சந்தோசத்துக்காகவா, அயலின் கண்ணுக்காகவா என்று கணுவை விரித்துப் பார். நான் பதில் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியவும் தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியது என்று கேட்டால் முதலாவது, சுவாமியிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு இப்போதே போ. 23ஆம் திகதி வரிசையில் நிற்காதே. அன்று சுவாமிக்கும் களைப்பு, உனக்கும் அவசரம், பின்னால் நிற்பவர் இருமுவார். மூன்றாம் ஞாயிறுக்கு முன் ஒரு வார நாள் மாலையில் போய்ச் சுவாமியிடம் நேரம் கேள். போய் வந்த பிறகு பத்து நாட்கள் அந்தச் சுத்தத்தோடு இருக்கக் கிடைக்கும். நீ தேடுகிற 'நிற்கிறேன் என்று தெரிவது' பெரும்பாலும் அந்த நாட்களில் வரும். கிளேர்வோ ஊர்ப் புனித பெர்னார்து 12ஆம் நூற்றாண்டில் திருவருகைக் கால மறையுரை ஒன்றில், ஆண்டவரின் வருகை மூன்று என்றார். பெத்லகேமில் வந்தது ஒன்று, இறுதியில் வரப்போவது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் மறைவாக உள்ளத்துக்குள் வருவது ஒன்று. முதலாவது கண்ணுக்குத் தெரிந்தது, கடைசியும் தெரியும். நடுவிலுள்ளதை உள்ளே வீட்டிலிருப்பவர் மட்டும்தான் காண்பார். பாலனின் துணியை எடுக்கும் அந்த நிமிடத்தில்தான் அது நடக்க வேண்டும் என்று நீ நேரம் குறித்து வைத்திருக்கிறாய். அவர் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கும் வரலாம்.

இரண்டாவது, பேசாதிருக்கும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டையும் கிணற்றுச் சண்டையும் இல்லாத குடும்பம் இருந்தால் அதிசயம். எங்களுக்கும் சின்ன ஐயா வீட்டுக்கும் பங்குக் கிணறு. இறைப்பு முறையில் தொடங்கிய பேச்சு முறிந்து, இரண்டு வீடும் முகம் பார்ப்பதில்லை. திருமுழுக்கு யோவானின் ஞாயிறு வந்தால், "ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள், அவருக்காகப் பாதையைச் செம்மையாக்குங்கள்" என்று கேட்டுவிட்டு வரும் அம்மா, ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவா. எங்கள் பக்கத்தைக் கூட்டி, நிற்காமல் சின்ன ஐயா வீட்டுப் படலை வரைக்கும் கூட்டுவா. நத்தார் வரைக்கும் ஒவ்வொரு காலையும். அவர்கள் அந்த நத்தாருக்குப் பேசவில்லை. அடுத்த நத்தாருக்கும் பேசவில்லை. அம்மா கூட்டாமல் விட்டதுமில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இரு வீட்டாரும் ஒரே நிலத்தில் பாய் விரித்தோம். அந்தத் திருவருகைக் காலத்துக்குக் குடில் இல்லை, மெழுகுதிரி இல்லை. கிணற்று வரிசையில் சின்னம்மா தன் முறையில் அள்ளிய முதல் வாளியை அம்மாவின் குடத்தில் ஊற்றினா. பேச்சு அங்கே தொடங்கியது. இடம்பெயர்வு நல்லது செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாதையில் நாங்கள் இழந்தவர்களை நான் மறக்கவில்லை. அம்மா ஏற்கெனவே கூட்டி வைத்திருந்த வழியால்தான் சின்னம்மா வந்தா என்பதைச் சொல்கிறேன்.

உனக்கு அப்படி ஒருவர் இருந்தால் நீ போய்க் கட்டிப்பிடிக்க வேண்டியதில்லை. உன்னால் ஆன தூரம் கூட்டு. மற்றவர் வருவது அவரது காரியமும் ஆண்டவருடைய காரியமும்.

எங்கள் ஊரில் இன்னொரு நினைவும் இருக்கிறது. 1687இல் கோவாக் குருவான புனித யோசேப் வாஸ் இலங்கைக்கு வந்தபோது, கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கப் பூசையைத் தடைசெய்திருந்தார்கள். பிச்சைக்காரரின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் தங்கி, இரவுகளில் மறைவாக வீடுகளில் பூசை வைத்தார். சுவாமி இன்றிரவு வருவாரா, யார் வீட்டுக்கு வருவார் என்று விளக்கைத் தணித்துவிட்டுக் காத்திருந்த அந்த வீடுகளை டிசம்பரில் நான் அதிகம் நினைப்பதுண்டு. அவர்களுக்கு ஒத்திகை இல்லை, அலங்காரம் இல்லை. கதவு தட்டினால் திறக்க ஆயத்தமாக இருந்தார்கள்.

காத்திருக்கும் தாய் பதில்:

நான் அதிகம் எழுதுவதில்லை. ரீச்சர் எழுதியதை மகள் வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல இதையும் அவள்தான் எழுதுகிறாள்.

என் மூத்த மகனை, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு நான் காணவில்லை. எங்களுக்குக் காத்திருப்பு நான்கு ஞாயிறோடு முடிகிற காலம் அல்ல. முன்பெல்லாம் டிசம்பர் வந்தால் கோவிலுக்குப் போகவே மனம் வராது. எல்லாரும் பாலன் வருகிறார் என்று பாடும்போது என் பிள்ளை எங்கே என்று கேட்கத் தோன்றும். சுவாமி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. திருப்பாடல் 130ஐ எடுத்து வாசித்தார். ஆழத்திலிருந்து கூப்பிடுகிற பாட்டு. விடியலுக்காகக் காத்திருக்கும் காவலரைவிட என் நெஞ்சம் ஆண்டவருக்காகக் காத்திருக்கிறது என்று வரும். அன்றிலிருந்து இந்த வாரங்களில் ஒவ்வொரு மாலையும் அதைச் சொல்கிறேன். சமாதானம் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருப்பதைச் செபமாகச் சொல்ல ஒரு வாய் கிடைத்தது.

நீங்கள் மனத்தை ஆயத்தப்படுத்த வழி கேட்டீர்கள். உங்கள் ஒழுங்கையிலும் என்னைப்போல ஒரு தாய் இருப்பா. நத்தார் அன்று கேக் அனுப்புவார்கள், நன்றிதான். அதற்கு முன் ஒரு நாள் வெறுங்கையோடு வந்து இருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேளுங்கள். அவன் பெயரைச் சொன்னால் நாங்கள் அழுவோம் என்று பயந்து எல்லாரும் அவன் இல்லாததுபோலப் பேசுகிறார்கள்.

பாசையூர்க்காரி:

அம்மா, உங்களுக்குப் பதிலாக எழுத என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. எங்கள் ஒழுங்கைக் கடைசியில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. நாளை மறுநாள் அலுவலகம் விட்டு வரும்போது போகிறேன். அவரது மகனின் பெயர் எனக்குத் தெரியும், என்னோடு மறைப்பள்ளியில் படித்தவன்.

ரீச்சர், காப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வலை பொத்தப் போய்விட்டார். பிறகு வந்து, கடந்த வருடத்து உடுப்புகளைக் கழுவி மினுக்கிப் போட்டால் பாலன் கோபிக்க மாட்டார் என்றார். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறோம். வட்டுக்கோட்டை அண்ணா சொன்ன வளையத்தை நேற்றுக் கட்டினோம், மாவிலையில். சின்னவன்தான் ஏற்றினான். இரண்டு நிமிட மௌனத்தில் அவன் அரைவாசிக்குச் சிரித்துக்கொண்டிருந்தான், மீதியில் திரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்று கேட்க வேண்டும். 17ஆம் திகதிக்குப் பிறகு வாசகங்கள் மாறும் என்றீர்கள். அந்த நாட்களில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஏதாவது இருக்கிறதா? அப்போது பள்ளிக்கூட ஒளி விழாக்களும் முடிந்திருக்கும்.

சில்லாலை ரீச்சர்:

இருக்கிறது, பிள்ளை. 17 முதல் 23 வரை திருச்சபையின் மாலைச் செபத்தில், மரியாளின் பாடலுக்கு முன் ஒவ்வொரு நாளும் ஆண்டவரை ஒவ்வொரு பெயரால் அழைக்கிறார்கள். மிகப் பழைய வழக்கம். ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஏழு மாலைக்கு ஏழு பெயர், ஒவ்வொன்றும் "வாரும்" என்றே முடியும். அன்றன்றைய பெயரை ஒரு காகிதத்தில் மூத்தவள் எழுதட்டும், சின்னவன் படம் கீறட்டும், வளையத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். 'திறவுகோல்' அன்று உங்கள் வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, இது எதையெல்லாம் திறக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேள். பெரியவர்கள் சொல்லாததைச் சொல்வார்கள். 'விடியலே' என்று அழைப்பது 21ஆம் திகதி. பகல் ஆகக் குறுகி இருக்கிற நாட்களில் அந்தப் பெயர் வருகிறது. அன்றிரவு திருப்பாடல் 130ஐயும் சேர்த்து வாசியுங்கள், அந்தத் தாய்க்காகவும் மகனுக்காகவும்.

குடில் கட்டுவதும் இந்த நாட்களில்தான். முன்கூட்டிக் கட்ட வேண்டாம். ஆனால் 14ஆம் திகதி ஞாயிறு பின்னேரம் சிரட்டைகளில் மண் போட்டுக் குரக்கனோ பயறோ தூவச் சொல். 24க்குப் பச்சையாக வந்திருக்கும், குடிலைச் சுற்றி வைக்கலாம். தண்ணீர் தெளிப்பது சின்னவனின் பொறுப்பு. அதிகம் ஊற்றினால் அழுகும் என்று சொல்லி வை. பாலனைக் கிடத்தும் முன்னணை வெறுமையாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பிடி வைக்கோல். யாராவது மற்றவருக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தால் ஒரு துரும்பை எடுத்து முன்னணையில் போடலாம். என்ன விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லக் கூடாது. உடுப்பு விடயத்தைப் பிள்ளைகளிடம் உள்ளபடியே சொல். படகு கரையில் கிடப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? மலையகத்தில் உடுத்த துணியோடு வெளியேறிய பிள்ளைகளைப் பற்றியும் சொல். இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்று திருமுழுக்கு யோவான் சொன்னதை மூத்தவள் லூக்கா 3இல் தானே எடுத்து வாசிக்கட்டும். உங்கள் பங்குக் கோவிலில் உடுப்புச் சேர்த்தால் அவள் கையாலேயே ஒன்றைக் கொடுக்க வை. நல்லதாகப் பார்த்து, பழையதில் பழையதை அல்ல.

பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் கேட்டாயா? நீ எழுதியதில் அதைக் காணவில்லை.

பாசையூர்க்காரி:

இன்று கேட்டுவிட்டேன், ரீச்சர். புதன் மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அன்றைய ஒத்திகைக்குப் பிந்தித்தான் போவேன். உட்கார்ந்து பாடும் பாட்டைப் பற்றிக் குழுத் தலைவரிடம் சொன்னேன். ஏற்கெனவே நேரம் போதவில்லை என்றார். ஆனால் இரண்டு அக்காமார் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நாங்கள் மூன்று பேரும் கால்மணி முன்னதாகப் போகிறோம்.